அம்மா விமானம் ஏறும் முன்: அமெரிக்காவுக்குக் குடிபெயரும் தாயைத் தயார்ப்படுத்துவது எப்படி

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ தமிழ்நாட்டில் இருக்கும் அம்மாவை நிரந்தரமாகத் தம்மோடு வைத்துக்கொள்ள முடிவு செய்தால், மனுப் போட்ட நாளிலிருந்து விசா கைக்கு வர பொதுவாக ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அந்த ஓராண்டில் பிள்ளைகளின் கவனமெல்லாம் அமெரிக்கப் படிவங்களில் இருக்கும். படிவங்களை எங்கிருந்தும் நிரப்பலாம், தவறினால் திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் சார்பதிவாளர் முன் அம்மா வைக்கும் கைரேகையையும், வங்கி லாக்கரில் அவர் போடும் கையெழுத்தையும், பல் மருத்துவரிடம் அவர் உட்கார வேண்டிய நாலைந்து தடவைகளையும் நியூஜெர்சியிலிருந்து செய்ய முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே அளவுகோல்தான்: அம்மா ஊரில் இருக்கும்போது மட்டுமே முடிகிற வேலை முதலில்.

மனுவுக்கு முன்

அம்மா வர விரும்புகிறாரா என்று அவரிடமே கேளுங்கள். “நீங்க சொன்னா சரி” என்பது சம்மதம் ஆகாது. யாருடன் தங்குவார், தனி அறை உண்டா, பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருப்பார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு உண்டா, திரும்பி வர நினைத்தால் வீடு இருக்குமா? இந்த ஐந்துக்கும் நேரான பதில் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

முடிந்தால் மனுப் போடுவதற்கு முன்பே சுற்றுலா விசாவில் ஒருமுறை அழைத்து வாருங்கள், அதுவும் குளிர்காலத்தில். ஜூன் மாதத்து அமெரிக்காவைப் பார்த்துச் சரி என்றவர்கள், மாலை ஐந்துக்கே இருட்டிவிடும் டிசம்பரில் தவித்துப் போகிறார்கள். குடியேற்ற மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசா கேட்டால், திரும்பிப் போவார் என்பதை அதிகாரி நம்புவது கடினம். அதனால்தான் வெள்ளோட்டம் முதலில், மனு பிறகு.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று வாழ நினைக்கும் அம்மாவுக்குக் கிரீன் கார்டு ஏற்றதல்ல. அது அமெரிக்காவில் குடியிருப்பவருக்கான அட்டை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்வி வரும். மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டு தாண்டினால் அட்டையைக் காட்டி நுழைய முடியாது. மனம் ஊரிலேயே இருக்கும் அம்மாவுக்குப் பத்தாண்டு சுற்றுலா விசாவே நிம்மதி.

பெயர், பிறந்த தேதி: தமிழர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல். பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒன்று, பத்திரத்தில் ‘லெட்சுமி அம்மாள்’, வங்கியில் வேறு எழுத்துக்கூட்டு. இது நமக்கு இயல்பு. கோப்பைப் பார்க்கும் அமெரிக்க அதிகாரிக்கு இவர்கள் நாலு வேறு ஆட்கள்.

ஒரு தாளில் அம்மாவின் எல்லா ஆவணங்களையும் வரிசையாக எழுதி, எதிரே அதில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து மாறாமல் குறியுங்கள். பாஸ்போர்ட், ஆதார், பான், வங்கிப் புத்தகம், ஓய்வூதியப் புத்தகம், பட்டா, வீட்டுப் பத்திரம், திருமணச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, உங்கள் பிறப்புச் சான்று என எதையும் விடாதீர்கள். இந்த ஒரு தாள் ஓராண்டு முழுக்கக் கைகொடுக்கும்.

முதலில் திருத்த வேண்டியது பாஸ்போர்ட். மற்றவை அதைப் பார்த்து மாறும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அம்மாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பிறகு கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு எண், மருந்துக்கடைக் கணக்கு எல்லாவற்றிலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டு, மனுவுக்கு முன்பே பாஸ்போர்ட்டைப் புதிதாக எடுத்துவிடுங்கள். பழைய பெயர்களை மறைக்க வேண்டாம். விசா படிவத்தில் ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அடுத்தது பிறப்புச் சான்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் கிராமத்தில் பிறந்த பலருக்குப் பதிவே இருக்காது. அப்படியானால் உள்ளாட்சியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ ‘பிறப்புப் பதிவு இல்லை’ என்ற சான்றை வாங்க வேண்டும். அதோடு பள்ளி மாற்றுச் சான்றிதழும், அம்மா பிறந்ததை நேரடியாக அறிந்த மூத்தவர்கள் இருவரின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் அம்மா பிறந்த தேதி, ஊர், தாய் தந்தை பெயர், எழுதுபவருக்கு அது எப்படித் தெரியும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். எழுபத்தைந்து வயது அம்மா பிறந்ததைப் பார்த்தவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். பெரியம்மாவும் தாய்மாமாவும் நல்ல நினைவோடு இருக்கும்போதே, முதல் மாதத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். இந்த ஒன்றுக்காகப் பின்னால் அலைந்தவர்கள் ஏராளம்.

மனு முதல் நேர்காணல் வரை

இது நன்கு போடப்பட்ட பாதை. சுருக்கமாகவே சொல்லலாம்.

1. ஐ-130 மனு, அதாவது உறவினரை அழைக்கும் மனு. குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் குடியுரிமைச் சான்றும், அம்மாவின் பெயர் உள்ள உங்கள் பிறப்புச் சான்றும் இதன் உயிர். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் இணையத்தில் 625 டாலர், தாளில் 675. அப்பாவும் வருவதாக இருந்தால் அவருக்குத் தனி மனு. பெற்றோர் பிரிவில் ஒருவர் மனுவில் மற்றவரைச் சேர்க்க முடியாது.

2. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். விசாக் கட்டணம் 325 டாலர், ஆதரவுப் பத்திரத்தைப் (அம்மாவின் செலவை நான் ஏற்கிறேன் என்று பிள்ளை எழுதித் தருவது) பரிசீலிக்க 120 டாலர். பிறகு டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம். அதில் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டுமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ போட மறந்தால், வந்தபின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்தில் காத்திருக்க நேரும்.

3. ஐ-864 ஆதரவுப் பத்திரம். உங்கள் வருமானம், அம்மாவையும் சேர்த்து எண்ணிய குடும்ப அளவுக்கான அமெரிக்க வறுமைக்கோட்டில் 125 விழுக்காட்டை எட்ட வேண்டும். குறைந்தால் இணைப் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்க்கலாம், அல்லது குறைகிற தொகையைப்போல் ஐந்து மடங்கு சொத்துக் காட்டலாம்.

4. காவல்துறைச் சான்று. பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பம். முகவரி விசாரணைக்குக் காவலர் வரும் நாளில் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். வேறு நாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும்.

5. மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும். குடியேற்ற விசா நேர்காணல் சென்னையில் நடப்பதில்லை, பெரும்பாலும் மும்பைதான். பரிசோதனையைச் சென்னையிலேயே, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் முடித்துக்கொள்ளலாம். மும்பைக்கு உடன் ஓர் ஆள் போக வேண்டும். மூலச் சான்றுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றுகளுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

நேர்காணல் தமிழில் வேண்டுமென்று முன்பே சொல்லிவிடுங்கள். மகன் எங்கே இருக்கிறார், என்ன வேலை, எத்தனை பேரப்பிள்ளைகள், வேறு பிள்ளைகள் எங்கே என்பதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். அம்மா பதறிப்போய் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்காமல், தமக்குத் தெரிந்ததைச் சொன்னாலே போதும்.

பரிசோதனையில் பலரைத் தடுக்கி விழ வைப்பது மார்பு எக்ஸ்ரே. இளவயதில் காசநோய் வந்து ஆறிய தழும்பு பல முதியவர்களுக்கு நுரையீரலில் இருக்கும். அது தெரிந்தால் மூன்று நாள் சளி மாதிரி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர எட்டு வாரம்வரை ஆகும். அதுவரை விசா நகராது. விமானச் சீட்டு, வீட்டு விற்பனை எதையும் அதற்கு முன் தேதி குறித்துச் செய்யாதீர்கள். பழைய எக்ஸ்ரே படமும் சிகிச்சைக் குறிப்பும் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். தடுப்பூசிகளில் 65 தாண்டியவருக்கு நிமோகாக்கல் ஊசி உண்டு. 1957க்கு முன் பிறந்தவருக்குத் தட்டம்மை வகைகளுக்கான எம்எம்ஆர் ஊசி தேவையில்லை. ஊசி போட்ட சீட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம்.

உடம்பை ஊரிலேயே சரிசெய்யுங்கள்

அம்மாவுக்கு 65 வயது ஆகியிருந்தாலும், நிரந்தரக் குடியிருப்பாளராக ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறகுதான் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வாங்க முடியும். அதுவரை தனியார் காப்பீடுதான். பல், கண்ணாடி, காதுக்கருவி பெரும்பாலும் அதில் அடங்காது. எனவே ஊரில் முடிப்பதை ஊரிலேயே முடியுங்கள்.

கண்புரை இருந்தால் இரண்டு கண்ணுக்கும் சில வார இடைவெளி வேண்டும், அதன்பின் பார்வை நிலைத்துக் கண்ணாடி எழுத மேலும் ஒரு மாதம். பல்செட் என்றால் ஈறு ஆறி, அளவெடுத்து, கடித்துப் பார்த்துத் திருத்த நாலைந்து தடவை போக வேண்டும். இம்பிளான்ட் என்றால் மூன்று முதல் ஆறு மாதம். காதுக்கருவி வாங்கினால் பழக இரண்டு மாதமாவது ஊரில் போட்டு நடமாட வேண்டும். இல்லையென்றால் அது அங்கே மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். புறப்பட ஆறு மாதம் இருக்கும்போது இவை தொடங்கிவிட வேண்டும்.

மருந்துக்கு வருவோம். இதில்தான் உயிர் சம்பந்தப்பட்ட தவறுகள் நடக்கின்றன.

நம் ஊரில் சர்க்கரைக்கு எழுதப்படும் வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின், கிளிக்லசைடு ஆகியவையும் ரத்த அழுத்தத்துக்கு எழுதப்படும் சில்னிடிபினும் அமெரிக்காவில் விற்பனைக்கு இல்லை. அங்கே போய் மூன்றாம் மாதம் மருந்து தீர்ந்ததும், அம்மாவை முன்பின் பார்த்திராத மருத்துவர் புது மருந்து எழுதுவார். அதைவிட, புறப்பட மூன்று மாதம் முன்பே அம்மாவின் சொந்த மருத்துவரிடம் பட்டியலைக் காட்டி, இரண்டு நாட்டிலும் கிடைக்கும் மருந்துக்கு மாற்றி, சர்க்கரையும் அழுத்தமும் நிலைக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகளும் அங்கே அதே சேர்க்கையில் கிடைக்காமல் போகலாம். அவற்றைத் தனித்தனி மாத்திரையாக எழுதச் சொல்லுங்கள். சில மருந்து உண்டு, பெயர்தான் வேறு. பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே அல்பியூடெரால், கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு.

இன்சுலின் போடும் அம்மா என்றால் இதை இரண்டு முறை படியுங்கள். நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சும் 40 கணக்குதான். அமெரிக்காவில் 100 யூனிட் இன்சுலின், ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. பழக்கத்தில் ஊர் சிரிஞ்சில் அங்கத்து இன்சுலினை 20 கோடுவரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும். ஊர் சிரிஞ்சில் ஒன்றுகூடப் பெட்டியில் வைக்க வேண்டாம். அல்லது மருத்துவரைக் கேட்டுப் பேனா வகைக்கு முன்பே மாற்றிப் பழக்கிவிடுங்கள்.

கையில் 90 நாள் மருந்து, கடையின் அட்டையிலேயே, பிரித்துக் கொட்டாமல் வையுங்கள். கம்பெனிப் பெயரோடு வேதிப்பெயரும் அளவும் எழுதிய ஆங்கிலச் சீட்டு, நோய்ச் சுருக்கம், கடைசி ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை, ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டை ஆகியவற்றைத் தாளிலும் கைப்பேசியிலும் வைத்திருங்கள். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை இருந்தால் மருத்துவரின் கடிதம் தனியாக வேண்டும்.

வீடு, நிலம், பணம்

அப்பா இல்லையென்றால், வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கும். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், பிறகு பட்டா மாற்றம், சொத்துவரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் என இந்த வரிசையில் முடியுங்கள். பிள்ளைகள் தம் பங்கை அம்மாவுக்கோ ஒருவருக்கோ விடுவதானால் விடுதலைப் பத்திரம். எல்லாரும் ஊருக்கு வரும் ஒரு விடுமுறையில் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடலாம்.

ஊரில் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். ‘எல்லா அதிகாரமும்’ என்று எழுத வேண்டாம். வாடகை வசூல், வரி கட்டுதல், மின்வாரியம், மாநகராட்சி, வழக்கு என்று தேவையானதை மட்டும் எழுதி, விற்கும் அதிகாரத்தை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். விற்பனை வரும்போது அதற்கென்று தனிப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவிலிருந்தும் பவர் அனுப்ப முடியும். ஆனால் நோட்டரி, அப்போஸ்டில் (பத்திரம் இன்னொரு நாட்டில் செல்ல அரசு தரும் சான்று), இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை என்று நீளும். இங்கே ஒரு காலையில் முடிகிற வேலை அது. பவர் கொடுத்தவரின் மறைவோடு பவரும் முடிந்துவிடும் என்பதால் உயிலும் தேவை. இரண்டு சாட்சி போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை. இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் சண்டை குறையும்.

வீட்டை உடனே விற்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. முதல் ஆண்டில் அம்மாவுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியம் வேண்டும். ஆனால் எப்படியும் விற்கத்தான் போகிறோம் என்று உறுதியாக இருந்தால், கணக்கு வேறு. அம்மா இந்தியாவில் குடியிருப்பவராக இருக்கையில் விற்றால், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 12.5 விழுக்காடு, அல்லது பணவீக்கக் கழிவோடு 20 விழுக்காடு, எது குறைவோ அந்த வரி. வெளிநாட்டில் குடியிருப்பவராகிவிட்டால் அந்தத் தேர்வு கிடையாது. குடியிருப்பவர் விற்கும்போது விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு விழுக்காட்டைத்தான் வரியாகப் பிடிப்பார். வெளிநாட்டில் குடியிருப்பவரிடம் வாங்கினால், வருமானவரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்கியிராவிட்டால், 12.5 விழுக்காடும் அதன் மேல்வரிகளும் பிடிப்பார். கிரீன் கார்டு வந்தபின் அதே லாபத்தை அமெரிக்க வரிக்கணக்கிலும் காட்ட வேண்டும். இரு நாட்டு வரியும் அறிந்த ஒரு கணக்காயரை மனுப் போட்ட ஆண்டிலேயே பாருங்கள்.

மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் புறப்படும் முன் விற்றுவிடுவதுதான் பெரும்பாலும் நல்லது. அமெரிக்க வரிச்சட்டம் அதைத் தனிவகையாகப் பார்க்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஆண்டுதோறும் 8621 என்ற சிக்கலான படிவம் வரும். வங்கி வைப்பு இருக்கலாம். ஆனால் இந்தியக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் ‘எஃப்பார்’ என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசுக்குக் கொடுக்க வேண்டும். வரி கட்ட ஒன்றுமே இல்லாவிட்டாலும் இது கட்டாயம். அம்மாவின் பெயரோடு கூட்டாகப் போட்ட அத்தையின் வைப்பும் இதில் சேரும். அப்படிப்பட்ட கணக்குகளிலிருந்து அம்மாவின் பெயரை இப்போதே எடுத்துவிடுங்கள்.

குடிபெயர்ந்ததும் சேமிப்புக் கணக்குகளை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் குடியிருப்பவருக்கான ரூபாய்க் கணக்காக மாற்ற வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. பணம் அனுப்பும் நாளில் வங்கி நிறுத்திவைக்கும்போதுதான் தெரியவரும். என்ஆர்ஓ வட்டியில் 30 விழுக்காடும் மேல்வரியும் பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுக்கும் படிவம் இனிச் செல்லாது. மூன்று நாலு வங்கியில் சிதறிக் கிடப்பதை ஒன்றிரண்டாகக் குறைத்து, எல்லாவற்றிலும் வாரிசு நியமனத்தைச் சரிபாருங்கள். லாக்கரில் இன்னொருவர் பெயரைச் சேர்த்து, இருவரில் எவரும் திறக்கலாம் என்று எழுதி, உள்ளே இருப்பதைப் படம் எடுத்துவையுங்கள்.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவுக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று வேண்டும். கருவூலத்திலோ வங்கியிலோ வெளிநாட்டில் இருப்பவருக்கான முறையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். உயிர்வாழ் சான்றை இணையத்தில் தரும் ஜீவன் பிரமான் செயலி ஆதார் முக அடையாளத்தில் நடப்பது. கைரேகை தேய்ந்துபோன அம்மாக்கள் ஆதாரில் படத்தையும் விரல் பதிவையும் புறப்படும் முன் புதுப்பித்துவிட வேண்டும். கேஸ் இணைப்பை ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

அந்தக் கைப்பேசி எண்

வங்கி, ஆதார், ஓய்வூதியம் எல்லாம் ஒரே எண்ணில் தொங்குகின்றன. ஓடிபி வராவிட்டால் அத்தனையும் முடங்கும். எண் அம்மாவின் பெயரில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அண்ணன் பெயரில், பழைய வாடகைதாரர் பெயரில் என்று விசித்திரமெல்லாம் வெளிப்படும். சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டுப் போங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் ப்ரீபெய்டு எண் ரத்தாகும் என்பதால் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடும் கைப்பேசியாக வாங்கி, மூன்று மாதம் முன்பே அம்மாவிடம் கொடுங்கள். புது ஊரில் புதுக் கைப்பேசியும் சேர்ந்தால் இரண்டும் பழகாது. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு, குரல் செய்தி, யூடியூப், கூகுள் மொழிபெயர்ப்பு ஆகிய நான்கும் போதும்.

பெட்டி

பெரும்பாலான விமானங்களில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. அரிசியும் கறிவேப்பிலையும் அமெரிக்காவுக்குள் அனுமதி இல்லை. இந்திய அரிசியோடு தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டும், கறிவேப்பிலையோடு எலுமிச்சைக் குடும்ப மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சியும் போய்விடும் என்பதே காரணம். பழம், காய், விதை, இறைச்சி எதுவும் கூடாது. சாம்பார்ப் பொடி, வற்றல், அப்பளம், முறுக்கு, ஊறுகாய் கொண்டுபோகலாம். ஆனால் உணவு இருக்கிறது என்று சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். விபூதியும் குங்குமமும்கூடப் பொடிதான். கற்பூரமும் தீப்பெட்டியும் கொப்பரையும் தீப்பிடிக்கும் பொருட்கள், எந்தப் பெட்டியிலும் வேண்டாம்.

குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய வெண்கலச் சிலை இருந்தால் கவனம். நூறாண்டைத் தாண்டிய கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழமையானது அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்குங்கள், அல்லது உறவினர் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். நகையில் தாலி, தோடு, வளையல் போதும். அதிக நகை கொண்டுபோனால், புறப்படும்போது சென்னைச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கினால் திரும்ப வரும்போது வரிச் சிக்கல் வராது.

எடைக்கணக்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அம்மா தினமும் தொடும் பொருட்களுக்கு இடம் விடுங்கள்: அவருடைய காபி பில்டர், தோசைத் திருப்பி, பூஜைப் படம், பழகிய போர்வை. கம்பளிக் கோட்டு அங்கே வாங்கலாம். அந்தத் தோசைத் திருப்பி கிடைக்காது.

பயணம்

முதல் பயணத்தில் பிள்ளைகளில் ஒருவர் வந்து கூட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால், சென்னையிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தில் உங்கள் ஊருக்கே நேராக வரும் விமானமாகப் பாருங்கள். அமெரிக்காவுக்குள் இன்னொரு மாற்றம் இருந்தால், முதல் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். மாற்றத்துக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும்.

சக்கர நாற்காலியைச் சீட்டு போடும்போதே கேளுங்கள், 48 மணி நேரம் முன் உறுதி செய்யுங்கள். விமானப் படி ஏற முடியாதவர் என்றே பதியுங்கள். நடக்க முடியும், தூரம்தான் சிரமம் என்று பதிந்தால், பேருந்தில் போய்ப் படியேறும் இடத்தில் அம்மா மாட்டிக்கொள்வார். ஓர இருக்கை, சைவ அல்லது நீரிழிவு உணவு இரண்டையும் அப்போதே சொல்லுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரைத் தவிர்க்கும் அம்மாக்களே கால் வீங்கி இறங்குகிறார்கள். நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வேறுபாடு. அன்றைய மருந்து வேளையை மருத்துவர் எழுதித் தரட்டும்.

கைப்பையில் பாஸ்போர்ட், விசாவோடு தந்த உறை இருந்தால் அது பிரிக்கப்படாமல், மருந்து, ஒரு மாற்றுப் புடவை, பிறகு ஓர் ஆங்கிலத் தாள். அந்தத் தாளில்: ‘நான் தமிழ் மட்டும் பேசுவேன். என் மகள் வெளியே காத்திருக்கிறார்’, அவருடைய எண், முகவரி.

இறங்கிய முதல் 60 நாள்

235 டாலர் குடியேற்றக் கட்டணத்தைப் புறப்படும் முன்பே இணையத்தில் கட்டிவிடுங்கள். கிரீன் கார்டு 90 நாளுக்குள் தபாலில் வரும். அதுவரை பாஸ்போர்ட்டில் முத்திரை பதித்த விசாவே ஓராண்டுக்குச் சான்று. வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் தெரிவிக்க வேண்டும்.

காப்பீட்டுக்குக் காலக்கெடு உண்டு. அமெரிக்காவுக்குக் குடிவந்த 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசுக் காப்பீட்டுச் சந்தையில் திட்டம் எடுக்கலாம். தவறவிட்டால் அடுத்த பதிவுக்காலம்வரை காத்திருக்க வேண்டும். எடுத்த திட்டம் பெரும்பாலும் அடுத்த மாதம் முதல் தேதிதான் நடைமுறைக்கு வரும். இடைப்பட்ட நாட்களுக்குப் பயணிகள் காப்பீடு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது பெரும்பாலும் உதவாது. மாதத்தின் கடைசி வாரத்தில் இறங்கும்படி சீட்டு போட்டு, வந்தவுடன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் இடைவெளி சில நாளாகச் சுருங்கும். காப்பீடு தொடங்கிய மாதமே குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். கொண்டுவந்த மருந்து 90 நாளுக்குத்தான்.

வீட்டில், அம்மா வரும் முன் குளியலறையில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத விரிப்பும் கையில் பிடித்துக் குளிக்கும் ஷவரும் பொருத்துங்கள். சுடுநீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, மின்னடுப்பு அணைந்த பின்னும் சுடும், கடுகு தாளித்த புகைக்கு அலாரம் அலறினால் பயப்பட வேண்டாம், சன்னலைத் திறந்தால் போதும் என்பதையெல்லாம் நின்று செய்து காட்டுங்கள். வாசல் பூட்டை அவரே பத்து முறை திறந்து மூடிப் பார்க்கட்டும். அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்து ‘டமில்’ என்று ஒரே சொல் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளரை இணைக்க முயல்வார்கள். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குங்கள். மாநில அடையாள அட்டை, அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, கையில் செலவுக்குப் பணம் மூன்றும் முதல் மாதத்திலேயே கிடைக்க வேண்டும். ஒரு தேங்காய் வாங்கவும் பிள்ளையிடம் கேட்கும் நிலைமையில் எந்த அம்மாவையும் வைக்கக் கூடாது.

ஊருக்கு நீண்ட நாள் போய் வர வேண்டியிருந்தால் ஐ-131 மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்கும்போது அம்மா அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், கைரேகையும் அங்கேதான். பொதுவாக இரண்டாண்டு செல்லும். தங்கையின் மகள் கல்யாணம் தை மாதம் என்றால், விண்ணப்பம் ஆடியிலேயே போயிருக்க வேண்டும்.